வண்டியில் ஏறாத தெய்வங்கள்

ஊரை விட்டுப் பெயர்கிறவன் பண்டபாத்திரங்களையும் விதைதானியத்தையும் கன்றுகாலிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். தலைமுறை தலைமுறையாகத் தான் வணங்கிவந்த தெய்வத்தையும் அவ்வாறே ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்பது சமய சிந்தனையில் மிகப் பழைய கேள்வி. பரம்பொருள் எங்கும் நிறைந்தது என்று சாஸ்திரங்கள் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. ஆயினும் அந்தச் சாஸ்திரத்தை நெட்டுருவாக ஓதுகிறவனும் ஒரு குறிப்பிட்ட மலையடிவாரத்தையோ ஆற்றுத்துறையையோ விட்டுப் பிரியும் வேளையில் கண்கலங்கித்தான் நிற்கிறான். குலதெய்வத்தின் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு புறப்படும் வழக்கத்தை அறிந்த நமக்கு இந்த முரண்பாட்டை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சாந்நித்தியம் என்பது மண்ணோடு ஒட்டியதா, மனத்தோடு ஒட்டியதா, அல்லது இறந்தவர்களின் எலும்போடு ஒட்டியதா? இந்தக் கேள்வியை நெஞ்சில் சுமந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் கதை எழுதினவர் என்று நான் கருதுவது அமெரிக்க நாவலாசிரியை வில்லா கேதரை. அவரைக் குடியேறிகளின் கதாசிரியை என்றுதான் பாடப்புத்தகங்கள் வருணிக்கும்; சமய எழுத்தாளர் என்று சொல்வோர் அரியர். அவர் விஷயத்தில் முன்னதைச் சொன்னாலே பின்னதையும் சொன்னதாகும் என்பது என் துணிபு.

1873 டிசம்பரில், வர்ஜீனியா மாகாணத்து வின்செஸ்டருக்கு அருகே மலைகள் அணைத்துக் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கில் கேதர் பிறந்தார். தந்தை செம்மறியாடு வளர்த்தவர். குடும்பம் தலைமுறைகளாக அந்த மண்ணில் ஊன்றியிருந்தது. எந்த மேட்டில் யாருடைய கல்லறை, எந்த வழி யாருடைய வாசலுக்குப் போகும் என்பதெல்லாம் அத்தகைய ஊரில் பிள்ளைகளுக்குக் கேளாமலே வந்து சேர்கிற ஞானம். 1883-இல், அவருக்கு 9 வயதாக இருந்தபோது, பாட்டனாரும் தந்தையின் சகோதரரும் முன்னமே போய்க் குடியேறியிருந்த நெப்ராஸ்காவின் வெப்ஸ்டர் கவுண்டிக்கு அந்தக் குடும்பமும் பெயர்ந்தது. ரயிலை விட்டிறங்கிப் பாட்டனாரின் வீடு நோக்கி வண்டியில் சென்ற அந்தப் பயணத்தைப் பற்றி முப்பது ஆண்டுகள் கழித்து, 1913-இல், ஒரு பத்திரிகைப் பேட்டியில் அவர் பேசியிருக்கிறார். மரம் என்பதே இல்லாத அந்த வெளி இரும்புத் தகடு போல் வெறுமையாய்க் கிடந்ததையும், வண்டியின் பக்கப்பலகையைத் தாம் இறுகப் பற்றிக்கொண்டிருந்ததையும், புல்லிலிருந்து திடீரென்று எழும்பி இரண்டொரு ஸ்வரம் பாடிவிட்டு மறுபடியும் புல்லுக்குள் விழுந்துவிடும் பறவைகளின் குரல் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அழுகையை அடக்குவதே தமக்கு அப்போது பெரிய காரியமாக இருந்ததையும் அவர் சொல்கிறார். தாம் என்கிற வ்யக்தியே துடைக்கப்பட்டுவிடுவது போன்ற உணர்ச்சி உண்டாயிற்று என்றும் சொல்கிறார். துறவிகள் பல்லாண்டு சாதனையால் நாடிச் செல்லும் அகங்கார நாசம் ஒன்பது வயதுச் சிறுமிக்கு யாசிக்காமலே, அதுவும் பயங்கர ரூபத்தில், வந்து வாய்த்தது. அந்தப் பயத்தை அவர் எழுத்து கடைசிவரை மறக்கவில்லை.

1918-இல் வெளிவந்த 'மை ஆன்டோனியா' என்ற நாவலில், தாய் தந்தையரை இழந்த 10 வயதுச் சிறுவன் ஜிம் பர்டன், ஆசிரியையைப் போலவே வர்ஜீனியாவிலிருந்து வந்து, இரவு வேளையில் வைக்கோல் பரப்பிய வண்டிக்குள் படுத்தபடி அந்தப் பிரதேசத்துக்குள் நுழைகிறான். எழுந்து எட்டிப் பார்த்தால் வேலி இல்லை, ஓடை இல்லை, மரம் இல்லை, வயல் இல்லை. பழகிய மலைவிளிம்பு எதுவும் குறுக்கிடாமல் வானம் நாற்புறமும் தரையைத் தொட்டு முழுக் கவிகையாக நிற்கிறது. அப்போது அவன் மனத்தில் ஓர் எண்ணம் எழுகிறது: இறந்துபோன அம்மாவும் அப்பாவும் இந்த வானத்திலிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அவர்கள் இன்னமும் பழைய ஊரில், ஓடைக்கரை ஆட்டுக்கிடையிலும் மேய்ச்சல் மலைக்கு ஏறும் வெள்ளைப் பாதையிலும் தன்னைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுடைய ஆவிகளையுங்கூடத் தான் பின்னே விட்டுவிட்டு வந்தாயிற்று. அன்றிரவு அவன் பிரார்த்தனை சொல்லாமலே உறங்கிப்போகிறான். நாஸ்திகம் என்று இதைச் சொல்லலாகாது. பிரார்த்தனை போய்ச் சேர்வதற்கு எதிரே ஒரு மலையோ ஒரு கோபுரமோ தெரிந்த முகமோ வேண்டியிருந்த குழந்தை மனத்துக்கு, முகவரியே இல்லாத ஆகாயத்தின் கீழே வாய் அடைத்துப்போயிற்று, அவ்வளவே. பிதிர்களுக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு, அந்தக் கோட்டை அவர்கள் தாண்டிவருவதில்லை என்ற இந்த எண்ணம் கிறிஸ்தவ வேத சாஸ்திரத்துக்குப் புறம்பானது. ஆனால் ஊர் பெயர்ந்தவர்களின் அனுபவத்துக்குப் புறம்பானதன்று.

முகவரி இல்லாத வெளி என்றேன். அரசாங்கத்தின் கண்ணில் அதற்கு முகவரி உண்டு. 1785-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்கள் ஒரு மைல் சதுரக் கட்டங்களாக அளக்கப்பட்டன. கட்டம் ஒன்றுக்கு 640 ஏக்கர். 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம் அதில் கால்பங்கை, அதாவது 160 ஏக்கரை, ஐந்தாண்டு குடியிருந்து உழுது பயிரிடுகிறவனுக்கு உரிமையாக்கியது. கட்டங்களின் எல்லைக்கோடுகளே பின்னால் சாலைகளாகும் என்பது ஏற்பாடு. மேடு பள்ளம், ஓடை, ஊற்று எதையும் கோடுகள் கேட்டுக்கொள்ளவில்லை. மனிதன் வருவதற்கு முன்பே 'எனது' என்பதற்கு இடம் ஒதுக்கிவைத்துவிட்ட ஒரு விசித்திரமான வரைபடம் அது. மனிதன் வருவதற்கு முன்பே என்றதும் வாஸ்தவமன்று. பாவ்னி என்னும் ஜனங்கள் அந்தப் புல்வெளியில் மக்காச்சோளம் பயிரிட்டும் எருமை வேட்டையாடியும் வாழ்ந்துவந்தார்கள். 1833 முதல் 1857 வரை செய்யப்பட்ட உடன்படிக்கைகளில் துண்டு துண்டாக நிலத்தை எழுதிக்கொடுத்து, எஞ்சியிருந்ததையும் 1870-களின் நடுவில் விட்டுவிட்டு, இன்று ஒக்லஹோமா என்று வழங்கும் பிரதேசத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேதரின் குடும்பம் வந்து இறங்கியபோது அவர்கள் போய்ப் பத்து ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. சிறுமியின் கண்ணுக்குச் சிருஷ்டியின் முதல் நாள் போல் வெறுமையாகத் தெரிந்த வெளி, குடியிருந்தவர்களை அனுப்பிவிட்டுச் சமீபத்தில்தான் வெறுமையாக்கப்பட்டிருந்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: ஒன்றரை ஆண்டு பண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, தந்தை ரெட் கிளவுட் என்ற சிற்றூருக்குக் குடும்பத்தைக் கொண்டுபோய், அங்கே விவசாயிகளுக்கு நிலத்தின்மேல் கடன் ஏற்பாடு செய்வதும் இன்ஷூரன்ஸ் செய்துகொடுப்பதுமான ஓர் ஆபீஸ் நடத்தினார். அந்தப் பெண்ணின் பாலியம் மண்ணின் வெறுமைக்கும் அடமானப் பத்திரத்துக்கும் நடுவே கழிந்தது.

பண்ணையில் இருந்த காலத்தில் குதிரையேறிப் பக்கத்து வீடுகளுக்குப் போவதே அவருக்குப் பள்ளிக்கூடம். ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பொஹீமியா, ஜெர்மனி, ரஷ்யா, பிரெஞ்சுக் கனடா என்று பல தேசத்து ஜனங்கள் அங்கே மண்குடிசைகளிலும் மண்ணைக் குடைந்த பொந்துகளிலும் குடியிருந்தார்கள். இங்கிலீஷ் சரியாக வராத அவர்களுடைய கிழவிகள் ரொட்டி சுடும்போதும் வெண்ணெய் கடையும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலைப்பொழுதுகளைப்போல் எந்தப் படிப்பும் தம்மை உலுக்கியதில்லை என்ற கருத்தில் அவர் பேசியிருக்கிறார். கோயிலை விட்டுவிட்டு வந்தவர்களின் பின்னே தெய்வம் எந்த வழியாகவேனும் வந்ததென்றால் அது அடுக்களை வழியாகத்தான் வந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 'மை ஆன்டோனியா'வில் ஒரு சம்பவம். பட்டினி கிடக்கும் பொஹீமியக் குடும்பத்துக்கு ஜிம்மின் பாட்டி உணவுப்பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கைம்மாறாக அந்தக் குடும்பத்தலைவர் ஷிமெர்டாவின் மனைவி, தன் தேசத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஒரு சிறு மூட்டையைத் திறந்து, பழுப்பு நிறமாய்ச் சுருங்கிக் காய்ந்து கடுமையாய் மணக்கும் ஏதோ சருகு போன்ற பொருளில் கொஞ்சம் அள்ளிக் கொடுக்கிறாள். வீட்டுக்கு வந்த பாட்டி, இது மாமிசமா வேரா என்று தெரியாமல், தெரியாததைச் சாப்பிடப் பயந்து, அடுப்பில் போட்டுவிடுகிறாள். சிறுவன் ஒரு துணுக்கை மட்டும் கடித்துப் பார்க்கிறான். அந்த ருசி அவனை விட்டுப் போகவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அவை ஏதோ ஒரு பொஹீமியக் காட்டின் ஆழத்தில் பொறுக்கி உலர்த்திய காளான்கள் என்று அவனுக்கு விளங்குகிறது. ஒரு வனத்தின் பிரசாதம் நல்ல மனம் படைத்த ஒரு கிழவியின் கையால் நெருப்புக்குப் போயிற்று. பாட்டியைக் கேதர் குற்றஞ்சாட்டவில்லை. புது நாட்டில் சமயங்கள் ஒன்றையொன்று சந்திக்கும்போது நேர்கிற பெரும்பாலான அபசாரங்கள் துவேஷத்தால் நேர்பவை அல்ல, இந்தப் பாட்டியின் பயம் போன்ற எளிய பயத்தால் நேர்பவையே என்பதை நான் எங்கும் இவ்வளவு துலக்கமாகப் படித்ததில்லை.

அந்த மூட்டைக்குரிய ஷிமெர்டாவின் கதைதான் நம் கேள்விக்கு மையம். சொந்த தேசத்தில் நெசவுத் தொழிலும் பிடில் வாசிப்புமாக மரியாதையாய் வாழ்ந்தவர். நெப்ராஸ்காவில் அதிக விலைக்கு ஏமாற்றி விற்கப்பட்ட நிலத்தில், மண்பொந்துக்குள், பிடிலை எடுத்து வாசிக்க மனமின்றி முதல் குளிர்காலத்தைக் கழிக்கிறார். கிறிஸ்துமஸ் நாளில் ஜிம்மின் வீட்டுக்கு வந்து நன்றி சொல்லி அமர்ந்திருந்தவர், விளக்கேற்றிய மரத்தின் முன்னே திடீரென்று மண்டியிட்டு வணங்குகிறார். அவர் கத்தோலிக்கர், ஜிம்மின் பாட்டனார் விக்கிரக வணக்கத்தின் சாயல் பட்டாலும் கூசுகிற கடுமையான புராட்டஸ்டண்டு. பாட்டனார் என்ன செய்வாரோ என்று வாசகன் பதைக்கும் அந்தக் கணத்தில், அவர் நெற்றியில் விரல்நுனிகளை வைத்துத் தலைகுனிந்து கொள்கிறார். விருந்தினர் போனபின், நல்ல மனிதர் எவர் செய்யும் பிரார்த்தனையும் நல்லதே என்ற பொருளில் பேரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறார். சமரசத்தைப் பற்றி எழுதப்பட்ட பெரிய பிரசங்கங்களைக் காட்டிலும் அந்தத் தலைகுனிவு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்த மாதமே ஷிமெர்டா துப்பாக்கியால் தம்மை மாய்த்துக்கொள்கிறார். இதற்கு நிஜத்தில் ஒரு மூலம் உண்டு. ஷிமெர்டாவின் மகள் ஆன்டோனியா என்ற பாத்திரத்துக்கு ஆதாரமான அன்னா சாதிலெக்கின் தந்தை இவ்வாறுதான் இறந்தார். கேதர் வருவதற்கு இரண்டாண்டுக்கு முன்னே நடந்த அந்தச் சாவு, வந்த புதிதில் அவர் காதில் விழுந்த முதல் கதைகளில் ஒன்று. மாணவியாக இருந்த 1892-இலேயே 'பீட்டர்' என்ற பெயரில் அதை ஒரு சிறுகதையாக எழுதிப் பார்த்திருக்கிறார். ஆனால் அதில் பிடிலும் வறுமையும் சாவும் இருக்கின்றனவேயன்றி, செத்தவரை எங்கே புதைப்பது என்ற கேள்வி இல்லை. அந்தக் கேள்வி கனிவதற்கு இருபத்தாறு ஆண்டு பிடித்தது. நாவலில் அவ்விஷயம் பல பக்கங்கள் விரிகிறது. பிரேதம் தொழுவத்தில் விறைத்துக் கிடக்கிறது, பாதிரியார் கிடைக்கவில்லை, தற்கொலை புரிந்தவரின் ஆத்மா வெகுகாலம் தண்டனையில் கிடந்து உழலுமே என்று மகன் கவலைப்படுகிறான், நார்வேக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டால் மறுத்துவிடுகிறார்கள். கடைசியில் ஷிமெர்டாவின் மனைவியும் மகனும் தங்கள் நிலத்தின் தென்மேற்கு மூலையிலேயே, எல்லைக்குச்சி நட்டிருக்கும் இடத்திலேயே புதைக்கவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள். பின்னொரு காலத்தில் இரு சாலைகள் அந்தப் புள்ளியில் குறுக்கே வெட்டும் என்று பாட்டனார் எடுத்துச் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. தற்கொலை செய்தவனை நாற்சந்தியில் புதைக்கும் பழைய ஐரோப்பிய வழக்கத்தின் ஏதோ ஒரு நிழல் அவர்கள் மனத்தில் இருக்கிறது. இறுகிப்போன பூமியைக் கோடரியால் வெட்டித்தான் குழி எடுக்க வேண்டியிருக்கிறது. சமயச் சடங்கு அறிந்தவர் ஒருவரும் இல்லாத அந்தக் கூட்டத்தில், பனி கொட்டக் கொட்டப் பாட்டனார் இங்கிலீஷில் பிரார்த்திக்கிறார். தூர தேசத்திலிருந்து வந்த இந்த அந்நியர்பால் நம்மில் எவரேனும் கடமை தவறியிருந்தால் அவர்களை மன்னிப்பாயாக என்பது அதன் சாரம்.

பல ஆண்டுகள் சென்றபின் ஜிம் அந்த இடத்தை வருணிக்கிறான். புல்வெளி முழுவதும் உழப்பட்டுவிட்டது. கட்டங்களின் எல்லையெல்லாம் சாலையாகிவிட்டது. ஆனால் அந்த மூலைக்கு வந்ததும் ஒரு சாலை கிழக்கே சற்று ஒதுங்கிப்போகிறது, மற்றொன்று தெற்கே சற்று வளைந்துபோகிறது. நடுவில் அறுக்கப்படாத நெடும்புல் ஆடும் ஒரு சிறு தீவாகக் கல்லறை நிற்கிறது. சர்வேயர்கள் நூல்பிடித்துக் கிழித்த கோட்டை, மேட்டுக்கும் ஓடைக்கும் வளையாத கோட்டை, ஒரு பாவியின் பிரேதம் வளைத்துவிட்டது. அந்த வீட்டுக்காரியின் மூடநம்பிக்கையையும், சாலை போட்டவர்கள் கண்டும் காணாமல் செய்த அந்தக் கணக்குப் பிழையையும் ஜிம் சேர்த்தே நேசிக்கிறான். எந்த வண்டியோட்டியும் அந்தக் கல்லறையைக் கடக்கும்போது மனத்துக்குள் ஒரு நல்வார்த்தை சொல்லாமல் போயிருக்கமாட்டான் என்பது அவன் நம்பிக்கை. முதல் இரவில் பிரார்த்தனைக்கு முகவரி இல்லாமல் தவித்த சிறுவனுக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது என்பதைக் கேதர் சொல்லவில்லை. வாசகனே கண்டுகொள்ளும்படி விட்டுவிடுகிறார். ஆலயம் கட்டிப் பிரதிஷ்டை செய்து மந்திரம் ஜெபித்தபின் ஓர் இடம் புனிதமாகிறது என்பது சாஸ்திரக்ரமம். இங்கே க்ரமம் தலைகீழ்: எந்தத் திருச்சபையும் ஏற்காத உடல் முதலில் மண்ணுக்குள் போயிற்று, அதைச் சுற்றி விலகிப்போன வண்டிச்சக்கரங்களே பிரதக்ஷிணம் செய்து அந்த மண்ணைப் பிரதிஷ்டை செய்துவிட்டன.

எல்லையில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இது சாத்தியம் என்று நான் நினைக்கிறேன். நகரத்தில் பிறந்தவன், தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் தன் பாட்டனுக்கு முன்பே அங்கே இருக்கக் கண்டவன், புனிதம் என்பது எப்போதும் இருந்துவந்த ஒன்று என்றே எண்ணுவான். அது தொடங்குவதைப் பார்க்கும் பாக்கியம் அவனுக்கு இல்லை. கேதர் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு நடுவே வளர்ந்தவர். 1922 டிசம்பரில், தம் நாற்பத்தொன்பதாம் வயதில், பெற்றோருடன் ரெட் கிளவுடிலேயே எபிஸ்கோபல் திருச்சபையில் முறைப்படி சேர்ந்துகொண்டார் என்பதும், அதற்காக அவர் நியூயார்க்கின் பெரிய ஆலயம் எதையும் தேடாமல் அந்தச் சிற்றூருக்கே வந்தார் என்பதும் அவருடைய எழுத்தைப் படித்தவர்களுக்கு ஆச்சரியம் தராது.

ஆயினும் அவருடைய பக்தி, சபைக்குள் அடங்கிய பக்தி அன்று. 1913-இல் வந்த 'ஓ பயனியர்ஸ்!' நாவலில் ஐவார் என்றொரு நார்வேக் கிழவர் வருகிறார். காலில் செருப்பு அணியமாட்டார்; எந்தச் சபைக்கும் போகமாட்டார்; ஒரு குளக்கரையின் களிமண் மேட்டைக் குடைந்து அதற்குள் குடியிருக்கிறார்; மண்கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த புகைக்குழாய் மட்டும் இல்லையென்றால், மூன்று ஆண்டாக அங்கே ஒரு மனிதன் வசிக்கிறான் என்பதற்கு அடையாளமே தெரியாது. குளத்துக்கு வரும் பறவைகளை ஒருவரும் சுடக்கூடாது என்பது அவர் இட்ட சட்டம். அந்தக் காட்டுவாசலில் உட்கார்ந்து படிக்கும்போதுதான் பைபிள் தமக்கு அதிக சத்தியமாகப் படுகிறது என்பார். ஐரோப்பாவின் மலையை விட்டுவந்த தெய்வம் இந்த ஒருவரிடம் மட்டும் குறைவுபடாமல், சொல்லப்போனால் வளர்ந்தே, வந்து சேர்ந்திருக்கிறது. காரணத்தைக் கேதர் ஜாடையாகக் காட்டுகிறார்: மற்றவர்கள் மண்ணைத் தமதாக்க வந்தார்கள்; ஐவார், முன்பு அங்கே இருந்த நரியைப்போல், இருந்துவிட்டுப் போக வந்தார். நிர்வாகத் திறமையின்றி அவர் தம் நிலத்தை இழந்துவிடுவதும், நாவலின் நாயகி அலெக்ஸாண்ட்ரா அவரைத் தன் வீட்டில் வைத்துக் காப்பதும், அவளுடைய சகோதரர்கள் அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துடிப்பதும் அடுத்து வருகின்றன. பற்றற்றவனுக்குச் சமூகம் தரும் சம்மானம் எல்லாத் தேசத்திலும் ஏறக்குறைய இதுதான்.

ஐவாரின் நிலைக்கு ஜிம்மும் ஒரு கணம் போய்த் திரும்புகிறான். வந்த மறுநாள், வீட்டுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள தோட்டத்தில் பாட்டியோடு உருளைக்கிழங்கு தோண்டப் போனவன், அவள் திரும்பிய பிறகும் தனியே அங்கே தங்கிவிடுகிறான். வெயிலில் சூடேறிய மஞ்சள் பூசணிக்காய் ஒன்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முதுகில் கறுப்புப் புள்ளியிட்ட சிறு செம்பூச்சிகள் அவனைச் சுற்றி மெல்ல ஊர்கின்றன. மேலே காற்று நெடும்புல்லை அசைத்துப் போகிறது. தான் உட்கார்ந்திருக்கும் மண்ணை விரல்களால் நொறுக்கிப் பார்க்கிறான். அப்போது தான் வேறு, இவை வேறு என்ற எண்ணம் விலகி, பூரணமான ஏதோ ஒன்றில் கரைந்துபோவது போன்ற ஆனந்தம் அவனுக்கு உண்டாகிறது. அந்தப் பகுதியிலிருந்து எடுத்த வாக்கியமே நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து ஜாஃப்ரியில், 1947-இல் இறந்த கேதரின் கல்லறைக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வண்டியில் வந்த இரவின் அழிவும் தோட்டத்துக் காலையின் கரைவும் தத்துவரீதியில் ஒரே நிகழ்ச்சி. இரண்டிலும் 'நான்' போய்விடுகிறது. ஒன்று பீதி, மற்றது பேரின்பம். ஏன் இந்த வேற்றுமை? வண்டியில் அவனுக்கு முன்னே விஸ்தாரம் மட்டும் இருந்தது. தோட்டத்தில் தொடுவதற்கு ஒரு பூசணிக்காய் இருந்தது. அநந்தத்தை எதிர்கொள்ளக் கைக்கு எட்டும் சிறு பொருள் ஒன்று மனிதனுக்கு வேண்டியிருக்கிறது. மூர்த்தி வழிபாட்டுக்கு இதைவிட நல்ல நியாயத்தை ஒரு புராட்டஸ்டண்டு வளர்ப்பில் வந்தவர் எழுதிவிட்டாரே என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

இதுவரை கேதரின் பக்கமே நின்று பேசினேன். இனி அவரோடு வழக்காட வேண்டிய இடம். 'ஓ பயனியர்ஸ்!' முடிவில், புல்வெளியைப் பொன்விளையும் பூமியாக்கிய அலெக்ஸாண்ட்ரா, நிலம் எவருக்கும் நிரந்தரச் சொத்தன்று, மனிதர் வந்து வந்து போகிறார்கள், அதை நேசித்துப் புரிந்துகொண்டவர்களே சிலகாலம் அதற்கு உடையவர்கள் என்ற கருத்தில் பேசுகிறாள். கேட்பதற்கு உபநிஷத் வாக்கியம் போல் இருக்கிறது. ஆனால் பேசுகிறவள் யார்? வறட்சியில் பிறர் மலிவாக விற்றுவிட்டுப் போன நிலங்களைக் கடன் வாங்கி வளைத்து அந்தப் பிராந்தியத்திலேயே பெரிய பண்ணைக்காரியானவள். பட்டாப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு நிலம் ஒருவருக்கும் சொந்தமன்று என்பது எளிது. நேசித்தவருக்கே நிலம் என்றால், நேசித்துக்கொண்டிருந்த பாவ்னிகள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அந்த வாக்கியத்தின் மறுபக்கத்தில் நிற்கிறது. நாவல் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. 'மை ஆன்டோனியா'வில் முதல் இலேசான பனி விழுந்ததும் புல்வெளியில் ஒரு பெரிய வட்டம் வெள்ளைக்கோடாகத் துலங்குகிறது. இந்தியர்கள் குதிரையோட்டிய தடம். நடுவில் கம்பம் நட்டுக் கைதிகளைக் கட்டிச் சித்திரவதை செய்தார்கள் என்கிறார்கள் பண்ணையாட்கள். வெறும் பந்தயம் ஓடியிருப்பார்கள் என்கிறார் பாட்டனார். சிறுவனுக்கு அது குளிர்காலத்தின் நற்சகுனமாகப் படுகிறது. அத்துடன் கதை நகர்ந்துவிடுகிறது.

கேதரை மட்டும் குறை சொல்வதும் நீதியாகாது. அவரைப்போலவே எல்லையில் வளர்ந்த லாரா இங்கால்ஸ் வைல்டர், ஓஸேஜ் இந்தியர்களின் நிலத்தில் தம் தந்தை உரிமையின்றிக் குடிசை போட்ட கதையை 1935-இல் நாவலாக எழுதியபோது, அந்தப் பிரதேசத்தில் மனிதர் எவரும் இல்லை, இந்தியர் மட்டுமே இருந்தனர் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் விழுந்துவிட்டது. ஒரு வாசகர் எழுதிக் கேட்ட பிறகு 1953-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது திருத்தப்பட்டது. இருபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக அந்த வாக்கியம் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கையில் உறுத்தலின்றி இருந்திருக்கிறது. வளர்ப்பு என்பது கண்ணைத் திறப்பது போலவே மூடவும் செய்கிறது.

ஆனால் கேதர் அங்கே நின்றுவிடவில்லை. 1912-இல், அரிஸோனாவின் வின்ஸ்லோவில் ரயில்வே வேலையிலிருந்த சகோதரரைப் பார்க்கப் போனது முதல் தென்மேற்குப் பாலைநிலம் அவரை ஈர்த்துக்கொண்டது. 1927-இல் 'டெத் கம்ஸ் ஃபார் தி ஆர்ச்பிஷப்' வெளிவந்தது. ஸாந்தா ஃபே நகரின் முதல் பேராயர் லாமியின் வாழ்க்கையைத் தழுவிய அந்த நாவலில், லத்தூர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் நியூ மெக்ஸிகோவில் திருச்சபையை நிலைநாட்டுகிறார். அதாவது தெய்வத்தையே வண்டியிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றிக்கொண்டு வருகிற மனிதர். அவருக்கு வழித்துணையாக யுஸாபியோ என்ற நவஹோ நண்பர் வருகிறார். தங்கிய இடத்தை விட்டுக் கிளம்பும்போது நெருப்பின் கரியையும் எஞ்சிய உணவையும் புதைத்து, அடுக்கிய கல்லைக் கலைத்து, ஒருவரும் தங்காதது போல் ஆக்கிவிட்டுப் போகிறார். ஐவாரிடம் கிறுக்காகத் தோன்றியது இங்கே ஒரு ஜனசமூகத்தின் ஆசாரம். வந்த இடத்தில் தன் அடையாளத்தைப் பதிப்பது வெள்ளையனின் வழி, அடையாளமின்றிக் கடந்துபோவது இந்தியனின் வழி என்று பாதிரியாரே எண்ணிப்பார்க்கிறார். எண்ணிவிட்டு, பொன்னிறக் கல்லால் ஓர் ஆலயமும் எழுப்புகிறார். இந்த முரணை ஆசிரியை சமாதானம் சொல்லி மூடவில்லை.

நாவலின் கடைசிப் பகுதியில் நவஹோ தலைவர் மானுவெலிட்டோ பட்டப்பகலில் வந்து பாதிரியாரைச் சந்திக்கிறார். 1864-இல் கிட் கார்ஸனின் படை நவஹோக்களின் சோளக்கொல்லைகளையும் பீச் மரங்களையும் அழித்து, ஆயிரக்கணக்கானோரை முந்நூறு மைலுக்கு மேல் நடத்திக் கிழக்கே போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்துக்குக் கொண்டுபோனது சரித்திரம். கார்ஸன் பாதிரியாருக்கு நண்பர். மானுவெலிட்டோ சொல்வது இது: எங்கள் தெய்வங்கள் எங்கள் பள்ளத்தாக்கின் செம்பாறைகளில் வாழ்கின்றன, உம்முடைய தெய்வம் உம்முடைய ஆலயத்தில் இருப்பது போலவே அவை அங்கே இருக்கின்றன, என் தாயும் என் தெய்வங்களும் மேற்கே இருக்கையில் ரியோ கிராண்டே நதியைத் தாண்டமாட்டேன். ஒன்பது ஆண்டு முன்னே வெளிவந்த நாவலில் ஒரு சிறுவன் வண்டியில் படுத்துக்கொண்டு தடுமாறிய எண்ணத்தையே இங்கே ஒரு தலைவர் ஒரு ஜனத்தின் வாயாக நின்று, தடுமாற்றமின்றிச் சொல்கிறார். சிறுவனுக்கு அது சோகம். தலைவருக்கு அது சட்டம். தெய்வம் பெயராது என்பதால் நானும் பெயரமாட்டேன் என்கிறவரிடம், உலகெங்கும் நிறைந்த கடவுளைப் பிரசாரம் செய்ய வந்த பாதிரியார் என்ன பதில் சொல்வார்? புராட்டஸ்டண்டு நாட்டில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் அரசாங்க விஷயத்தில் தலையிட முடியாது என்று தம் இயலாமையைத்தான் சொல்லுகிறார். வேதாந்த விவாதம் ஒன்றும் அங்கே நடைபெறவில்லை. நடைபெறாமல் விட்டது கேதரின் மேதை என்பேன். அந்த இடத்தில் பாதிரியார் வாய் திறந்து கடவுள் எங்கும் இருக்கிறார் என்று சொல்லியிருந்தால் அது அநாகரிகமாக முடிந்திருக்கும்.

சரித்திரத்து மானுவெலிட்டோ பட்டினியால் 1866-இல் சரணடைய நேர்ந்தது. 1868-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி நவஹோக்கள் தங்கள் பிரதேசத்துக்கே திரும்பி நடந்தார்கள். நாவலில் லத்தூர் மரணப்படுக்கையில், தம் ஆயுளில் இரு பெரும் அநீதிகள் திருத்தப்பட்டதைக் கண்டதாகச் சொல்லி மகிழ்கிறார்: ஒன்று கறுப்பு மக்களின் அடிமைத்தளை அறுந்தது, மற்றது நவஹோக்கள் வீடு திரும்பியது. பாவ்னிகளுக்கு அப்படியொரு திரும்புதல் வாய்க்கவில்லை. அவர்களுடைய தலைமையிடம் இன்றும் ஒக்லஹோமாவில்தான் இருக்கிறது. நெப்ராஸ்கா நாவல்களில் அவர்களுக்காக வந்து பேசுகிற ஒரு மானுவெலிட்டோ இல்லை. மண்ணில் தெய்வம் உறைகிறது என்பதை நெப்ராஸ்காவில் கற்றுக்கொண்ட அதே ஆசிரியை, அது பிறருடைய தெய்வமாகவும் இருக்கலாம் என்பதை எழுதுவதற்கு நியூ மெக்ஸிகோ வரை போகவேண்டியிருந்தது. அங்கே அவர் வந்துபோகிற விருந்தாளி. பாட்டனாரின் பண்ணையும் தந்தையின் கடன் ஆபீஸும் அந்தப் பாலைநிலத்தில் இல்லை.